இந்த வசனத்தை அப்படியே எடுப்பதா, உருவகமாக எடுப்பதா? முடிவு செய்ய ஒரு வழி

வேதபாடக் கூட்டத்தில் யாராவது "நான் பைபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவன்" என்று ஆரம்பித்தால் சங்கீதம் 98-ஐத் திறந்து நீட்டுங்கள். ஆறுகள் கைகொட்டுகின்றன என்று இருக்கும். ஆற்றுக்கு ஏது கை என்று அவரே சிரித்துவிடுவார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "எல்லாமே உருவகம்தான் பிரதர், ஆவிக்குரிய அர்த்தம் பார்க்கணும்" என்கிறவருக்கு 1 கொரிந்தியர் 15:14. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." பவுல் இதை ஒரு அழகான உவமையாக நினைத்து எழுதியிருந்தால் விருதா என்ற பேச்சே எழாது.

ஆக முழு பைபிளையும் ஒரே விதமாக வாசிக்கிற கிறிஸ்தவர் யாருமே இல்லை, எல்லோரும் இரண்டையும் செய்கிறோம், எங்கே எதைச் செய்வது என்பதில்தான் சண்டை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதலில் விதியை முடிவு செய்யுங்கள், அப்புறம் வசனத்துக்குப் போங்கள். வசனத்தைப் பார்த்துவிட்டு நமக்குத் தோதான விதியைத் தேடுகிறோமே, அங்கேதான் கோளாறு.

எந்த வசனத்தை எடுத்தாலும் முதல் கேள்வி, இது என்ன வகை எழுத்து? பைபிளில் பாட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அரசர்களின் வரலாறு இருக்கிறது, பழமொழி, கடிதம், தரிசனம் எல்லாம் இருக்கிறது. "தலை போகிற காரியம்" என்று ஒருவர் ஓடிவந்தால் நாம் அவர் கழுத்தையா பார்க்கிறோம்? அதே புத்தியை சங்கீதத்துக்கும் கொடுத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கிற இரண்டு கூட்டங்கள் இதில் மட்டும் ஒத்துப்போகின்றன. 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடும், 1978-இல் வேதத்தில் பிழையே இல்லை என்று அடித்துச் சொன்ன புராட்டஸ்டன்டுகளின் சிகாகோ அறிக்கையும், இலக்கிய வகையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

அடுத்தது, அந்தப் பகுதியே ஏதாவது குறிப்பு கொடுக்கிறதா என்று பாருங்கள். "நானே வாசல்" என்கிறார் இயேசு, யாரும் கீல் எங்கே என்று கேட்கவில்லை. விதைக்கிறவன் உவமையை அவரே மாற்கு 4-இல் விளக்கிவிடுகிறார். கலாத்தியர் 4-இல் பவுல் சாராளையும் ஆகாரையும் இரண்டு உடன்படிக்கைகள் என்கிறார், அதற்காக அந்த இரண்டு பெண்களும் வாழவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. இது முக்கியம். நேரடி அர்த்தமும் உருவக அர்த்தமும் ஒரே பகுதியில் சேர்ந்தே இருக்கலாம். இடைக்காலத் திருச்சபை ஒரு வசனத்துக்கு நான்கு அர்த்தம் வரை பார்த்தது. எருசலேம் என்றால் யூதேயாவில் உள்ள ஊர், திருச்சபை, மனிதனின் ஆத்துமா, பரலோக நகரம். ஆனால் நேரடி அர்த்தம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடிவாளம் போட்டார்.

அந்தக் கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சமாரியன் கதை: வழியில் கள்ளர் அடித்துப் போட்டவனை, யூதர் வெறுத்த சமாரியன் ஒருவன் தூக்கிச் சத்திரத்தில் சேர்க்கிறான். பழைய திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டின் அதைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: அடிபட்டுக் கிடந்தவன் ஆதாம், எரிகோ என்பது நிலா, தேய்ந்து போகிற மனித வாழ்வுக்கு அடையாளம், கள்ளர் பிசாசும் அவன் தூதர்களும், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலன் பவுல்! பெரிய மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் லூக்கா 10:29-இல் நியாயசாஸ்திரி கேட்ட கேள்வி "எனக்குப் பிறன் யார்" என்பது. அதற்குப் பதிலாக வந்த கதை அது. அகஸ்டினின் வாசிப்பில் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது, சமாரியனை வெறுத்த யூதனுக்கு விழுந்த அடியும் காணாமல் போய்விடுகிறது. நம்மூர் கன்வென்ஷன் மேடையில் கோலியாத்தை எதிர்க்கத் தாவீது எடுத்த ஐந்து கூழாங்கற்களுக்கு ஐந்து ஆவிக்குரிய பெயர் வைக்கும்போதும் இதே கதைதான். எனவே மூன்றாவது கேள்வி: இந்தப் பகுதி யாருடைய எந்தக் கேள்விக்குப் பதில்? நீங்கள் கண்டுபிடித்த உருவகம் அந்தக் கேள்வியைத் தொடாவிட்டால் அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு இனிப்பாக இருந்தாலும்.

இனி எல்லோரும் காத்திருக்கிற ஆதியாகமம் 1. ஆறு நாள் என்பது ஆறு முறை 24 மணி நேரமா? டார்வின் வந்த பிறகு பயந்துபோய்தான் கிறிஸ்தவர்கள் இதை உருவகம் ஆக்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சரியில்லை. சூரியன் நான்காம் நாள்தான் உண்டாகிறது, அப்படியிருக்க முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் கேட்டுவிட்டார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், நாட்கள் நமக்குப் புரிவதற்கான வரிசை என்று அகஸ்டின் நினைத்தார். மறுபக்கம், 1650-இல் ஆயர் ஜேம்ஸ் அஷர் வம்சவரலாறுகளைக் கூட்டிக் கழித்து படைப்பு கி.மு. 4004 அக்டோபர் 23 என்று தேதியே குறித்தார். 1925-இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மேல் நடந்த வழக்கில் வேதத்தின் பக்கம் நின்ற அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையில், அந்த நாட்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்றார். 2007-இல் கென்டக்கியில் திறந்த படைப்பு அருங்காட்சியகமோ 24 மணி நேரம்தான் என்று அடித்துச் சொல்கிறது.

மேலே சொன்ன கேள்விகளை இதற்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரிய சந்திரர். இரண்டாம் நாள் ஆகாயமும் தண்ணீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலம், ஆறாம் நாள் மிருகங்களும் மனிதனும். மூன்று நாள் இடம் தயாராகிறது, மூன்று நாள் அதில் குடியேற்றம். இவ்வளவு கச்சிதமாகக் கட்டிய பகுதியை டைரிக் குறிப்பாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நேரடியாக எடுப்பவர்கள் கையில் யாத்திராகமம் 20:11 இருக்கிறது, ஓய்வுநாள் கட்டளையே அந்த ஆறு நாள் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

யோசுவா 10 கொஞ்சம் எளிது. சூரியன் நின்றது என்ற வசனத்தை வைத்துத்தான் பூமி சுற்றுகிறது என்றவர்களை மடக்கினார்கள். வேதம் கண்ணுக்குத் தெரிகிறபடி பேசுகிறது என்று கலிலேயோ 1615-இல் நீளமாகக் கடிதம் எழுதியும் பலனில்லை, அடுத்த வருடமே கோப்பர்நிக்கஸின் புத்தகத்துக்குத் தடை வந்தது. காலண்டரில் இன்றும் நாம் சூரிய உதயம் என்றுதான் போடுகிறோம்.

கட்டளைகளுக்கு வந்தால்தான் வீட்டுக்குள் சண்டை. "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்பதை யாரும் செய்வதில்லை, எல்லோரும் மிகைப்படுத்திச் சொன்னது என்கிறோம். சரி. 1 தீமோத்தேயு 2:9-க்கு வாருங்கள். பெண்கள் மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் ஆகியவற்றால் தங்களை அலங்கரிக்க வேண்டாம். நம்மூர் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானத்துக்கு முன்பே கம்மல் கழன்றுவிடும். ஆனால் அதே வசனத்தில் பொன்னுக்கு முன்னால் பின்னல் நிற்கிறது, முத்துக்குப் பின்னால் பட்டுச்சேலை நிற்கிறது, அவற்றை யாரும் தொடுவதில்லை. நகை போடுகிற சபைக்காரர் "அது அந்தக் காலத்துப் பழக்கம்" என்று தப்பித்துவிட்டு, மூன்று வசனம் தள்ளி, பெண் உபதேசிக்கக் கூடாது என்பதை மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்கிறார். ரோமர் 16:16-இன் பரிசுத்த முத்தமோ நம்மிடம் கைகூப்பி "ஸ்தோத்திரம்" சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

எனவே ஒரு வசனத்துக்கு நீங்கள் வைத்த விதியை உடனே அதற்கு முந்தின வசனத்துக்கும் பிந்தின வசனத்துக்கும் வைத்துப் பாருங்கள். அங்கே உதைத்தால் விதியில்தான் கோளாறு. உங்களுக்குச் சிரமம் தராத வசனம் மட்டுமே நேரடியாகத் தெரிகிறதென்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

வெளிப்படுத்தலில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 5-ஆம் அதிகாரத்து ஆட்டுக்குட்டிக்கு ஏழு கொம்பும் ஏழு கண்ணும் அடையாளம் என்று ஒத்துக்கொள்கிறவர், 20-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து ஆளுகிற ஆயிரம் வருஷத்தை மட்டும் ஏன் எண்ணிப் பார்க்கிறார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நல்ல பதில் வரலாம், வராமலும் போகலாம்.

கடைசியில் ஒன்று. நேரடி வாசிப்பு என்றால் பழமைவாதி, உருவக வாசிப்பு என்றால் தாராளவாதி என்று லேபிள் ஒட்டாதீர்கள், ஒட்டாது. கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்ற வசனத்தைக் கத்தோலிக்கர் அப்படியே எடுக்கிறார்கள், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி லூத்தரும் அப்படியே எடுத்தார். ஆறு நாளை எழுத்தின்படி எடுக்கிற பல சபைகளுக்கு அந்த அப்பம் வெறும் நினைவுச்சின்னம். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும், அப்பத்தை அடையாளமாகப் பார்த்த சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் இதற்காகவே உட்கார்ந்தபோது லூத்தர் அந்த வசனத்தைச் சாக்பீஸால் மேசைமேலேயே எழுதிவிட்டார், ஸ்விங்லி "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்ற யோவான் 6:63-ஐ எடுத்து வீசினார். இணக்கம் வரவில்லை. ஆனாலும் எழுந்து போகும் முன் 15 பிரிவுகள் எழுதி 14-இல் ஒப்புக்கொண்டார்கள், 15-இல் கருத்து வேறுபாடு இன்னது என்று எழுதி, அதற்கும் சேர்த்தே கையெழுத்து போட்டார்கள். உங்கள் கூட்டத்தில் விவாதம் முற்றினால் இதையே செய்யுங்கள்: ஒரு நோட்டில் ஒத்துப்போனவை, கீழே ஒத்துப்போகாதது, பக்கத்தில் அவரவர் எந்த விதியை வைத்து வாசித்தார் என்பது. அடுத்த வாரம் அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம்.