தென்சென்னையில் மனை வாங்குமுன் நீர்நிலை, சதுப்பு, கடலோர விதிகளைச் சரிபார்ப்பது எப்படி?

வேளச்சேரி முதல் சிறுசேரி வரை மனை பார்க்கும் பலர், பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் குறை தெரியாவிட்டால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வில்லங்கச் சான்று காட்டுவதோ, சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே; அந்த நிலம் முன்பு ஏரியின் நீர்பிடிப்பாக இருந்ததா, வாய்க்காலா, கழுவெளி எனப்படும் உவர்நீர்ச் சதுப்பா என்பது அதில் இராது. ஆகவே விலை பேசுமுன் கிராமத்தின் பெயரையும், உட்பிரிவுடன் கூடிய சர்வே எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அந்த எண்ணைக் கொண்டு வருவாய்த் துறையின் இணையச் சேவையில், ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையையும் காட்டும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். வகைப்பாடு ரயத்துவாரி, அதாவது தனியார் பட்டா நிலம், என்றிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று எந்தப் புறம்போக்கு வந்தாலும் அத்துடன் நிறுத்திவிடலாம். ரயத்துவாரி என்று வந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். இப்போதைய பதிவேடு 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின் வழியே வந்தது என்பதால், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடான செட்டில்மென்ட் பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் நகலுக்கு விண்ணப்பித்துப் பெற்று ஒப்பிட வேண்டும். உட்பிரிவு 2பி என்றால் தாய் எண்ணின் முழுப் புலப்படத்தையும் எடுத்து, வாய்க்கால் எதுவும் மனையின் ஓரமாகவோ நடுவாகவோ ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் சோம்பல் கூடாது. நீர்நிலையில் அமைந்த மனைக்கு அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் வரன்முறைத் திட்டம்கூடப் பொருந்தாது; ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே இருக்கிறது.

அடுத்தது பள்ளிக்கரணை. ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளும், எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. இத்தகைய உத்தரவுகள் மேல்முறையீட்டில் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் நிலைமை என்ன என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். தரகரின் ‘அதெல்லாம் சரியாகிவிடும்’ இங்கே செல்லாது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறுக்கே வரும். கடல் ஏற்றத்தின்போது நீர் வந்து தொடும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு போன்று ஓதம் ஏறி இறங்கும் நீர்வழிகளின் கரையோரத்திலும் இவ்விதிகள் செல்லும். கடலே கண்ணுக்குத் தெரியாத மனையும் இவற்றில் சிக்கலாம். அடுக்குமாடியில் வீடு வாங்குபவர், மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்பதை நினைவில் வைத்து, அந்த அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

மனையை நேரில் பார்ப்பதை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிவையுங்கள். கோடையில் எல்லா நிலமும் மேடுதான். அக்கம்பக்கத்து மதில்களில் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, கோரை முளைத்திருக்கிறதா, சாலையைவிட மனை தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். 2015 டிசம்பரிலும் 2023இன் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத் தெருவில் நெடுநாள் குடியிருப்பவர் கையால் தொட்டே காட்டுவார். புதிதாக நான்கடி மண் கொட்டி உயர்த்திய மனை என்றால், அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் அவரிடமே கேளுங்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கை அண்டிய பகுதியானால் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பதும் அவசியம்.

இத்தனைக்கும் பிறகே முன்பண ஒப்பந்தம். நீர்நிலை, சதுப்பு, கடலோர விதிகளால் கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் முழுத் தொகையையும் குறிப்பிட்ட தேதிக்குள் விற்பவர் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை வழக்கறிஞரைக் கொண்டு அதில் எழுதச் செய்யுங்கள்.