ஐ போல்ட் மாட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரம் தூக்குவதற்காக மாட்டும், தலையில் வளையம் உள்ள போல்ட்தான் ஐ போல்ட். அதைக் கையில் எடுத்ததும் பட்டறையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை கிலோ தாங்கும்? எந்தப் பக்கம் இழுக்கப் போகிறோம் என்று கேட்பவர் அபூர்வம். நேர் செங்குத்தாகத் தூக்கும்போது தாங்கும் எடை வேறு, சாய்த்து இழுக்கும்போது தாங்குவது வேறு.

ஒரு கணக்குப் போடலாம். 600 கிலோ கியர்பாக்ஸ், மேலே இரண்டு எம்12 (12 மி.மீ. மரை) ஐ போல்ட். ஜெர்மானியத் தரமான டின் 580-இன்படி ஒரு எம்12 செங்குத்தாக 340 கிலோ தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 680, போதும் என்று தோன்றும். ஆனால் ஒரே கொக்கியிலிருந்து இரண்டு ஸ்லிங்குகள் (தூக்கும் கயிறு அல்லது சங்கிலி) விரிந்து இறங்குகின்றன. அவை செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால், அதே தரம் ஒரு போல்ட்டுக்கு அனுமதிப்பது 240 கிலோதான்; இரண்டுக்கும் 480. அந்த கியர்பாக்ஸுக்கு எம்16 வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இந்தச் சாய்வில் செங்குத்து எடையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அனுமதிக்கிறார்கள் என்பதால், வாங்கிய போல்ட்டின் அட்டவணையைப் பார்க்காமல் தூக்கக் கூடாது. ஸ்லிங்கை நீளமாக எடுத்தால் சாய்வு குறையும். செலவில்லாத வழி அதுதான். வளையத்துக்கு அடியில் காலர், அதாவது அகன்ற வட்ட விளிம்பு, இல்லாத ஐ போல்ட் என்றால் சாய்த்து இழுக்கும் பேச்சே வேண்டாம்.

காலர் இருந்தால் மட்டும் போதாது, அது இரும்பின்மேல் முழுவட்டமாக உட்கார வேண்டும். இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை காலருக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நுழைந்தாலும் உட்காரவில்லை. பெயின்ட், பிசிறு, துளைக்குள் தங்கிய சுருள்தூள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். துளையின் ஆழம் போதாமல் போல்ட்டின் நுனி அடியில் முட்டினாலும் கைக்கு இறுகியது போலவே இருக்கும். அந்த இறுக்கத்தை நம்பித் தூக்கினால், இடைவெளி இருக்கும் இடத்தில் மரை வளையத் தொடங்கும்.

நான் அடிக்கடி பார்த்துச் சலித்த தவறு இனிமேல்தான். போல்ட் இறுகி நிற்கும்போது வளையம் ஸ்லிங்குக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். உடனே யாராவது ஒரு கம்பியை வளையத்தில் விட்டுக் கால் சுற்று பின்னால் திருப்பிவிடுவார். வளையம் நேராகிவிடும், காலர் மேலே எழும்பிவிடும். அதற்காகக் குறுக்காகவே விட்டு இழுப்பதும் ஆகாது, வளையம் பக்கவாட்டில் மடங்கும். காலருக்கு அடியில் மெல்லிய எஃகு ஷிம் வாஷர் போடுவதே சரி. எம்16-இன் மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. இறங்குகிறது, ஆகவே கால் சுற்று முன்னதாக நிறுத்த 0.5 மி.மீ. வாஷர் போதும். இதற்குப் பொறுமையில்லை என்றால் சுழலும் தூக்கு வளையம் வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகம், ஆனால் இழுக்கும் பக்கம் தானே திரும்பிக்கொள்ளும்.

இரண்டு வளையங்களுக்குள்ளும் ஒரே ஸ்லிங்கைக் கோத்துக் கொக்கியில் மாட்டுவதும் பல இடங்களில் வழக்கம். அப்போது போல்ட்டுகள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. போல்ட்டுக்கு ஒரு ஸ்லிங் என்று தனித்தனியே மாட்டுங்கள்.

பழைய இயந்திரங்களில் அங்குல மரை இருக்கும். எம்12 போல்ட் அரை அங்குலத் துளைக்குள் லொடலொடவென்று சில சுற்று போகும். துளையோ 12.7 மி.மீ. மரைக்கானது. மரையின் உச்சிகள் மட்டுமே பிடித்திருக்கும், எடை ஏறியதும் உருவிக்கொண்டு வரும். கையால் சுற்றும்போது ஆட்டம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மரை கேஜ் வைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் மரை சீக்கிரம் உரியும். எஃகில் போதுமான ஆழம் அங்கே போதாது.

மோட்டாரின் தலையில் இருக்கும் ஐ போல்ட் மோட்டாரைத் தூக்குவதற்கு மட்டும். பம்பும், அடியில் தாங்கும் பேஸ் பிளேட்டும் சேர்ந்திருந்தால் ஸ்லிங் பேஸ் பிளேட்டில்தான் போக வேண்டும்.

வளைந்த ஐ போல்ட்டைச் சுத்தியலால் நிமிர்த்தவோ வெல்டு வைக்கவோ கூடாது. நான் வளையத்தை கிரைண்டரில் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் பழைய இரும்பில் போடுவேன். முழுதாகப் போட்டால், அடுத்த வாரம் அது எப்படியோ டூல் பெட்டிக்கே திரும்பி வந்துவிடுகிறது.