வொண்டர் வுமன் பிறந்த கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் காமிக்ஸின் சூப்பர் நாயகி வொண்டர் வுமன் முதன்முதலில் வெளிவந்தது எப்போது? 1941 அக்டோபர் என்பார் ஒருவர், 1941 டிசம்பர் என்பார் இன்னொருவர், 1942 ஜனவரி என்பார் மற்றொருவர். மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் மூன்றும் வேறுவேறு விஷயங்களைக் குறிக்கின்றன. 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 8-ஆம் இதழின் அட்டைத் தேதி 1941 டிசம்பர் – 1942 ஜனவரி. அந்த இதழ் கடைக்கு வந்ததோ 1941 அக்டோபரில். 1942 ஜனவரி என்பது அடுத்து வந்த 'சென்சேஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டைத் தேதி. அக்காலத்து அமெரிக்கப் பதிப்பகங்கள் அட்டைத் தேதியைச் சுமார் இரண்டு மாதம் தள்ளியே போட்டன. தேதி கடந்துவிட்டால் கடைக்காரர் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதழ் இன்னும் சில வாரம் கடையில் தங்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

இது வெறும் தேதிச் சிக்கல் அல்ல. அட்டைத் தேதியை வெளியீட்டுத் தேதியாக எடுத்துக்கொண்டால், "பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பதிலாகப் பிறந்த நாயகி" என்று எழுதத் தோன்றும். தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7. அதற்கு முன்பே அவள் கடைக்கு வந்துவிட்டாள். அவளைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் முதல் கதையை எழுதிக் கொடுத்தது 1941 பிப்ரவரியில். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. எனவே தேதி எழுதும்போது 'அட்டைத் தேதி', 'விற்பனைக்கு வந்தது' என்ற இரண்டில் எது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

'ஆல் ஸ்டார்' 8-இன் அட்டையில் வொண்டர் வுமன் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அது ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ குழுவின் இதழ். அவளுடைய கதை ஒன்பது பக்கத் தனி இணைப்பு. அவள் முதன்முதலில் அட்டைக்கு வந்தது 'சென்சேஷன்' முதல் இதழில். சொந்தப் பெயரில் தனி இதழ் தொடங்கியது 1942 கோடையில்.

அடுத்தது களிமண். வொண்டர் வுமனின் இயற்பெயர் டயானா. அவள் தாயான அமேசான்களின் ராணி ஹிப்போலிட்டா களிமண்ணில் குழந்தையைப் பிசைந்தாள், தெய்வம் உயிர் கொடுத்தது என்ற கதையை டயானாவின் முதல் தோற்றத்தோடு சேர்த்து எழுதுவது மிகப் பரவலான பிழை. 'ஆல் ஸ்டார்' 8-இல் களிமண்ணே கிடையாது. அமெரிக்க விமானி ஸ்டீவ் டிரெவரின் விமானம் அமேசான்களின் தீவில் விழுவதும், போட்டியில் டயானா வென்று அவனோடு அமெரிக்காவுக்குப் புறப்படுவதும்தான் அங்கே கதை. களிமண் வருவது 1942 கோடையில், தனி இதழின் முதல் எண்ணில். 1959-இல் 105-ஆம் இதழில் ராபர்ட் கானிகர் பிறப்புக் கதையையே மாற்றினார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தெய்வங்கள் வரம் தருவதாக எழுதினார். 1987-இல் ஜார்ஜ் பெரெஸ் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது களிமண்ணை மீட்டார். 2011-இல் பிரையன் அஸரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் களிமண் கதையைப் பொய்யாக்கி, அவள் கிரேக்கக் கடவுள் சீயஸின் மகள் என்றார்கள். ஆகவே "அவள் பிறப்பு இப்படி" என்று ஆண்டு சொல்லாமல் எழுதும் எந்த வாக்கியமும் பாதிதான் உண்மை. எந்த ஆண்டு, எந்த இதழ், யார் எழுதியது ஆகிய மூன்றும் கூடவே வர வேண்டும்.

தீவின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1940-களின் கதைகளில் அது பாரடைஸ் ஐலண்ட். தெமிஸ்கிரா என்ற பெயர் 1987-க்குப் பிறகே காமிக்ஸில் நிலைபெற்றது. அவள் எதிரிகளைக் கட்டும் பொன்கயிறும் அப்படியே. மார்ஸ்டன் காலத்தில் கட்டுண்டவர் சொன்னதையெல்லாம் செய்தாக வேண்டும், உண்மை பேசுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. அது முழுக்க உண்மையின் கயிறாக மாறியது பெரெஸ் பதிப்பில். பறப்பதும் அதே காலத்தில்தான் முழு ஆற்றலாகியது. ஆரம்பத்தில் அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத விமானம் தேவைப்பட்டது. இடையில் காற்றோட்டத்தில் மிதக்கக் கற்றுக்கொண்டாள்.

படைத்தவர்கள் விஷயத்தில் நியாயம் வேண்டும். மார்ஸ்டன் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. அவளுக்கு உருவம் கொடுத்தவர் ஹாரி ஜார்ஜ் பீட்டர்; 1958-இல் இறக்கும் ஆண்டு வரை அவளைப் பெரும்பாலும் வரைந்தவர் அவர்தான். 1944-இல் உதவியாளராகச் சேர்ந்த ஜாய் ஹம்மல் எழுபதுக்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார். அவை எல்லாம் மார்ஸ்டனின் புனைபெயரான 'சார்லஸ் மோல்டன்' என்றே அச்சாயின. ஆகவே அந்தப் பெயர் இருப்பதாலேயே ஒரு கதை மார்ஸ்டன் எழுதியது ஆகிவிடாது. 1944 முதல் 1947 வரையான கதைகளுக்கு எழுதியவர் யார் என்று இதழ்வாரியாகப் பாருங்கள். ஒரு பெண்ணின் உழைப்பு, அதுவும் இந்த நாயகியின் வரலாற்றில், இப்படி மறைந்துபோவதைத் தொடர்ந்து எழுதி நாமும் உறுதிப்படுத்தக் கூடாது.

மார்ஸ்டன் "பாலிகிராஃப் கருவியைக் (பொய் கண்டறியும் கருவி) கண்டுபிடித்தவர்" என்பதும் துல்லியமல்ல. அவர் உருவாக்கியது ரத்த அழுத்த மாற்றத்தை வைத்துப் பொய்யைக் கண்டறியும் சோதனை. பல உடல் மாற்றங்களைத் தொடர்ச்சியாகப் பதியும் கருவியை 1921-இல் அமைத்தவர் ஜான் லார்சன்.

"டிசி நிறுவனம் படைத்த நாயகி" என்பதற்கும் ஒரு திருத்தம். வெளியிட்டது மேக்ஸ்வெல் சார்லஸ் கெய்ன்ஸின் ஆல்-அமெரிக்கன் பப்ளிகேஷன்ஸ். அது அன்றைய நேஷனலின் (பின்னாளில் டிசி) கூட்டாளி, சட்டப்படி தனி நிறுவனம். இரண்டும் இணைந்தது 1940-களின் நடுவில். "உலகின் முதல் சூப்பர் ஹீரோயின்" என்பதையும் விட்டுவிடுங்கள். ஃபான்டோமா 1940-இலேயே வந்தாள். மிஸ் ஃப்யூரி 1941 ஏப்ரலில் செய்தித்தாள் தொடராக வந்தாள், படைத்தவரும் டார்ப்பே மில்ஸ் என்ற பெண்.

வொண்டர் கேர்ள் பற்றி எழுதுவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 1959-இல் கானிகர் எழுதிய வொண்டர் கேர்ள், டயானாவேதான், அவளுடைய இளம்பருவம். பிறகு அதே கானிகர், குழந்தை, சிறுமி, பெரியவள் மூவரும் ஒன்றாகத் தோன்றும் 'நடக்க முடியாத கதைகள்' எழுதினார். 1965-இல் பாப் ஹேனி, 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 60-ஆம் இதழில் வொண்டர் கேர்ளை டீன் டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர் ஹீரோக்கள் குழுவில் தனி ஆளாகச் சேர்த்தார். டயானா பெரியவளாக இருக்கும்போதே அவளுடைய சிறுவயது உருவம் குழுவில் சண்டை போட்டது! இந்த ஓட்டையை அடைத்தது 1969-இல் 'டீன் டைட்டன்ஸ்' 22; மார்வ் வுல்ஃப்மேன் எழுத, கில் கேன் வரைந்தார். தீ விபத்திலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய அனாதைக் குழந்தை, பெயர் டோனா டிராய் என்று விளக்கம் தந்தார்கள். எனவே டோனாவின் முதல் தோற்றம் 1965; 1959 இதழை அவள் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய இதழ் வாங்குவோருக்கும் இது முக்கியம், 'வொண்டர் வுமன்' 105-ஆம் இதழை டோனாவின் பெயரில் விற்க முயல்பவர்கள் உண்டு.

கதைக்குள் ஓடும் காலத்தையும் வெளியீட்டுக் காலத்தையும் கலக்கக் கூடாது. 1987-இல் டயானாவின் கதை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கியதால், 1940-களில் வொண்டர் வுமனாக இருந்தது யார் என்ற கேள்வி எழுந்தது. 1990-களின் இறுதியில் ஜான் பைர்ன் அந்த இடத்தில் ஹிப்போலிட்டாவை வைத்தார். அதன்பின் சில ஆண்டுக் கதைகளில் 'போர்க்கால வொண்டர் வுமன்' என்றால் தாய்தான்.

இதழ் எண்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதி 329 இதழ்களோடு 1986-இல் முடிந்தது. 1987-இல் தொடங்கிய இரண்டாம் தொகுதி 226 இதழ்கள், 2006-இல் தொடங்கிய மூன்றாவது 44. கூட்டினால் 599, அதனால்தான் 2010-இல் 45-க்குப் பதில் 600 என்று அச்சிட்டார்கள். அந்த எண்வரிசை 614-இல் நின்றது. அதோடு 2011-இல் தொடங்கிய தொகுதியின் 52-ஐயும் 2016 தொகுதியின் 83-ஐயும் சேர்த்தால் 749. 2020-இல் வந்தது 750. "வொண்டர் வுமன் 1-ஆம் இதழ்" என்று மட்டும் எழுதினால் குறைந்தது ஐந்து இதழ்களைக் குறிக்கும். ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள்.

மறுபதிப்பைப் பார்த்து ஏமாறுவது கடைசி ஆபத்து. 1970-களில் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' வரிசையில் 'சென்சேஷன்' 1-உம் 'வொண்டர் வுமன்' 1-உம் அசல் அட்டை, விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்பாயின. வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே பழைய அட்டை, பத்து சென்ட் விலையோடு. அளவுதான் காட்டிக்கொடுக்கும்: மறுபதிப்பு ஏறத்தாழ 10 அங்குல அகலம், 13½ அங்குல உயரம், 1940-களின் அசல் 7¾-க்கு 10¼ அங்குலம். படத்தை வைத்து எழுதுவதானாலும் வாங்குவதானாலும், இதழின் மேல் அளவுகோல் வைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.