பழைய ஹார்னெட்டை மறுபடி ஓட வைப்பது: உப்புக்காற்று ஊருக்கான செய்முறை

ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் இரண்டும் 1984-இல் வந்த 1/10 அளவு ரிமோட் பந்தயக் கார்கள். ஹார்னெட் 2004-இலும் கிராஸ்ஹாப்பர் 2005-இலும் மறுபடி வெளியானதால் பல்சக்கரம், டயர், பாடி எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கும். முதன்முதலாகக் கை வைப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். பாகம் கிடைக்காத அபூர்வக் காரில் தொடங்கினால் ஆர்வம்தான் போகும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய நிக்கல்-காட்மியம் பேக்கைச் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது கசிந்த காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, காய விடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. குளச்சல், முட்டம் பக்கம் பரணில் கிடந்த கார் என்றால் பாதி வேலை இதிலேயே போகும். ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கோ வயதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும். பலம் கொடுத்தால் ஸ்க்ரூ வராது, அது இறங்கியிருக்கும் பிளாஸ்டிக் தூண்தான் பிளக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் சுமார் 10 விநாடி வையுங்கள். சூடு இறங்கி மரையைச் சுற்றிய பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும். உடனே, கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் ஆற விட்டு மறுபடி சூடு காட்டலாம். அதிக நேரம் வைத்தால் துளையே பெரிதாகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகையாக இருக்கட்டும். இந்த ஜப்பான் ஸ்க்ரூக்களில் சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைத் தின்றுவிடும். வேறு எந்தக் கருவியில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். பழைய மரை அங்கே இருக்கிறது, அங்கிருந்து வலப்பக்கம் முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் துளை பிடிமானம் இழக்கும்.

பிளாஸ்டிக் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பும் பல்துலக்கும் பிரஷும் போட்டுக் கழுவினால் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். பாலிகார்பனேட் பாடியில் பட்டால் நுண்ணிய விரிசல் விழும்.

வீல்களில் பிளாஸ்டிக் புஷ் (அச்சு சுழலும் வெறும் வளையம்) இருந்தால் அதற்குப் பதில் பேரிங் போடுங்கள். பழைய டாமியா கார்கள் பலவற்றில் அளவு 5×11×4 மி.மீ. வெர்னியரில் ஒருமுறை அளந்துவிட்டு எம்ஆர்115 என்று கேளுங்கள். நாகர்கோவில் கடையில் “5 மி.மீ. பேரிங்” என்று மட்டும் சொன்னால் 625 கையில் வரலாம், அது 16 மி.மீ. விட்டம், உள்ளே போகாது. மணலில் ஓட்டுபவர்களுக்கு இரும்பு மூடியை விட ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகைதான் சரி. கியர்பாக்ஸில் பல் மேல் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் இருந்தால் போதும், அள்ளி அப்ப வேண்டாம்.

மோட்டாருக்கு நம் கடற்கரையில் தனிக் கவனம் தேவை. மணவாளக்குறிச்சி கருமணலில் உள்ள இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும். மோட்டாரின் காற்றுத் துளை வழியே போய் உள்ளே காந்தத்தில் அப்பிக்கொண்டால் ஊதினாலும் முழுசாக வராது, உள்ளே சுழலும் ஆர்மேச்சரை உரசிக்கொண்டே இருக்கும். கையால் தண்டைச் சுற்றிப் பாருங்கள். ‘கரகர’ என்றால் அந்த மோட்டாரைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டுப் புது 540 (இந்தக் கார்களுக்கான மோட்டார் அளவு) போடுங்கள். வெள்ளி நிற 540-ஐப் பிரித்துச் சுத்தம் செய்ய வழியில்லை, மூடி மடித்து அடைக்கப்பட்டது. மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனின் ஸ்க்ரூ, தண்டின் தட்டைப் பகுதியில் உட்கார வேண்டும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் மரைப்பசை ஒரு துளி அங்கே மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

பழைய மெக்கானிக்கல் ஸ்பீடு கண்ட்ரோலையும் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் கழற்றி எடுத்துவைத்துவிட்டு, 540 போன்ற பிரஷ் மோட்டாருக்கான இஎஸ்சியும் (மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ செட்டும் போடுங்கள். 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேக் போதும். இரண்டு செல் லிப்போ விரும்புபவர்கள் இஎஸ்சியில் லிப்போ கட்-ஆஃப் (பேட்டரி அளவுக்கு மீறி இறங்கும் முன் நிறுத்தும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிசீவருக்குத் தனி பேட்டரி வேண்டாம், இஎஸ்சியே மின்சாரம் தரும்.

பாலிகார்பனேட் பாடி என்றால் பெயிண்ட் உள்பக்கம், பாலிகார்பனேட் ஸ்ப்ரே மட்டும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் அடிக்காதீர்கள், ஈரத்தில் பெயிண்ட் வெளுத்துப்போகும்.

பின்சேர்க்கை: பலர் கேட்ட இரண்டு சிக்கல்கள். ஆக்சிலரேட்டர் அழுத்தினால் கார் பின்னால் போகிறதா? மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், பேட்டரி வயரை அல்ல. ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்தான் சர்வோ; அதன் பழைய கை (ஹார்ன்) புது சர்வோவில் உட்காரவில்லையா? கம்பெனிக்குக் கம்பெனி சர்வோ தண்டின் பல் எண்ணிக்கை வேறு: ஃபுடாபா 25, ஹைடெக் 24, சான்வா 23. அழுத்தி ஏற்றினால் பல் போய்விடும், பொருத்தமான சர்வோ சேவரை (அடி தாங்கும் ஹார்ன்) வாங்கிப் போடுங்கள்.