வகுப்பறைத் தரையில் 32 கல்

பசிபிக் கடலில் மைக்ரோனேசியாவின் யாப் பக்கத் தீவுகளுக்குக் கணக்கு வாத்தியாராகப் போகிறீர்களா? முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் தொடாதீர்கள். கரையில் 32 பவளக்கல் பொறுக்குங்கள். அதற்கும் முன்னால், ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். இந்தக் கற்கள் அவர்களின் நட்சத்திரத் திசைகாட்டி; நட்சத்திரம் பார்த்துப் படகு ஓட்டும் கடலோடி வித்தை அங்கே குடும்பச் சொத்து. நான் கேட்காமல் ஆரம்பித்து ஒரு தாத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கற்களை வட்டமாக வையுங்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு நட்சத்திரம் உதிக்கும் அல்லது மறையும் திசை. நடுவில் தென்னோலைப் படகு. கிழக்குக் கல்தான் தலைக்கல், மைலாப் என்ற நட்சத்திரம் உதிக்கும் இடம். நம்ம திருவோணம் அதுதான்! அங்கிருந்து வடக்கே போனால் ரோகிணி, கார்த்திகை, கடைசியில் துருவம். மேற்கே அதே வரிசையில் அவை மறையும் கற்கள். பெயர்களைப் பிள்ளைகள் சொல்லட்டும், நீங்கள் கோணத்தை எழுதுங்கள். சமமாகப் பிரித்தால் கல்லுக்குக் கல் 11.25 டிகிரி. நிஜ வானம் அவ்வளவு சமமில்லை. அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

சிக்கல் 'ஏட்டாக்'கில் வரும், அதாவது பயணத்தில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கடலோடிகள் மனதில் போடும் கணக்கில். அந்தக் கணக்கில் படகு நகராது. பக்கவாட்டில் இருக்கும் ஒரு தீவுதான் ஒவ்வொரு நட்சத்திரமாகக் கடந்து பின்னால் போகும், ரயில் ஜன்னலில் பனைமரம் ஓடுகிற மாதிரி. சிவப்பு மையில் 'தப்பு' போட்டுவிடாதீர்கள். சத்தவால் தீவின் மவ் பியாலுக் சின்ன வயதில் தாத்தாவிடம் கற்ற வித்தையை வைத்துத்தான் 1976-ல் கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹித்திக்கு ஹோகுலேயா படகை நடத்திப் போனார்.

மணி அடித்ததும் கற்களை அள்ளாதீர்கள். மறுநாள் காலை இரண்டு மூன்று கல் இடம் மாறியிருக்கும். என் வகுப்பில் பெரும்பாலும் திருத்தியவர்கள் பக்கம்தான் சரி.