மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் கணக்கிடுவது எப்படி?

ஒரு மின்தடையாக்கியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்துவிட்டால், அதன் மின்தடையை ஒரு வகுத்தலிலும், அது எடுத்துக்கொள்ளும் திறனை ஒரு பெருக்கலிலும் கண்டுவிடலாம்.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

முதல் சமன்பாடு, ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827இல் தம் நூலில் வெளியிட்ட விதியிலிருந்து வருவது. செய்து பார்க்க 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்க நிற வளையங்கள் கொண்ட கால் வாட் மின்தடையாக்கி ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று ஆகியவை போதும். அந்த வளையங்களுக்கு 470 ஓம் என்று பொருள். கடைசியில் உள்ள தங்க வளையம், உண்மையான மதிப்பு அதிலிருந்து 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைக் குறிக்கிறது.

முதலில் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். அதற்காகச் சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, மீட்டரைத் தொடராக இணைக்கவும். 18.7 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, மீட்டரின் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டு, துண்டித்த இடத்தை மீண்டும் இணைத்து, மின்தடையாக்கியின் இரு முனைகளிலும் மீட்டரைப் பக்க இணைப்பாக வைத்து மின்னழுத்தத்தை அளக்கவும். கம்பியை மாற்ற மறந்து பேட்டரியின் குறுக்கே வைத்ததால் நான் ஒருமுறை மீட்டரின் ஃபியூஸை எரித்திருக்கிறேன். மீட்டர் இப்போது 8.8 வோல்ட் காட்டினால், கணக்கில் அதையே எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 9ஐ அல்ல.

கணக்குப் போடும் முன் மில்லி ஆம்பியரை 1000ஆல் வகுத்து ஆம்பியராக்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 18.7 மில்லி ஆம்பியர் என்பது 0.0187 ஆம்பியர். 8.8 ÷ 0.0187 என்று வகுத்தால் ஏறத்தாழ 471 ஓம் கிடைக்கிறது. வளையங்கள் சொல்லும் எல்லைக்குள் அது இருக்கிறது. 8.8 × 0.0187 என்று பெருக்கினால் சுமார் 0.165 வாட் வருகிறது. கால் வாட், அதாவது 0.25 வாட் தாங்கும் மின்தடையாக்கிக்கு இது பாதுகாப்பான அளவு. அலகை மாற்றாமல் 18.7ஐ அப்படியே போட்டிருந்தால் விடை 0.47 ஓம், 165 வாட் என்று வந்திருக்கும்; சுமார் 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பொருள் 165 வாட்டைத் தாங்காது என்பதால், தவறு உடனே கண்ணில் பட்டுவிடும்.

மின்தடை மாறாதவரை, மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும். ஆகவே திறன் நான்கு மடங்காகும். இதே மின்தடையாக்கியை 18 வோல்ட்டில் இணைத்தால் அது சுமார் 0.69 வாட் எடுத்துக்கொண்டு கருகத் தொடங்கும்.

இழை பல்புக்கு மட்டும் இக்கணக்கைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். 12 வோல்ட்டில் 21 வாட் எடுக்கும் வாகன பல்பில் 1.75 ஆம்பியர் பாய்கிறது. எனவே எரியும்போது அதன் மின்தடை சுமார் 6.9 ஓம். அணைத்து ஆறவிட்டு, கழற்றி அளந்தாலோ மீட்டர் அதில் ஒரு சிறு பகுதியையே காட்டும், ஏனெனில் டங்ஸ்டன் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடுகிறது. ஆகவே, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே இரு அளவுகளையும் எடுக்கவும்.