கைபேசி வழியே மொழி கற்பிக்க: ஒலியிலிருந்து தொடங்குங்கள்

தொலைநிலை மொழி வகுப்பு என்றதும் பலரும் முதலில் வீடியோவில்தான் இறங்குகிறார்கள். ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுவார். மாணவர்கள் மைக்கை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வரலாறோ கணக்கோ இப்படி ஓரளவு நடக்கும். வாய் திறக்காமல் பேச்சு வராது. ஒலிக்கோப்பு போவதும் வருவதுமாகப் பாடத்தை அமைத்து, வீடியோவையும் எழுத்தையும் அதற்குத் துணையாக வைத்தால் கைபேசி நன்றாகவே உழைக்கும்.

தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். கைபேசி சொந்தமா, வீட்டில் பலர் பகிர்வதா? உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது? இணையம் எந்த நேரத்தில் ஒழுங்காகக் கிடைக்கிறது? பகிரப்படும் கைபேசி ஒன்றே ஒன்று இருந்தாலும், குறித்த மணிக்கு நேரலை என்ற திட்டம் அந்த மாணவரை வெளியே தள்ளிவிடும். பயிற்சிக்கு 48 மணி நேர அவகாசம் கொடுங்கள். இருப்பதிலேயே எளிய கைபேசி எதுவோ, அதை அளவாக வைத்துக் கோப்புகளைத் தயாரியுங்கள்.

கோப்பின் எடை

பதிவுச் செயலிகள் சில, சுருக்காத 'வேவ்' வடிவில் ஸ்டீரியோவாக, அதாவது இரு தடங்களாகச் சேமிக்கும். அது நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. அதே பேச்சை மோனோவாக (ஒரே தடமாக), நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு 480 கேபி. ஓபஸ் என்ற இன்னொரு சுருக்க வடிவில் 32 கிலோபிட் போதும். 240 கேபிதான் வரும். நொடிக்கு 500 கிலோபிட் ஓடும் சுமாரான வீடியோவே நிமிடத்துக்கு 3.75 எம்பி தின்னும். ஒரு நிமிட வீடியோவின் செலவில் கால் மணி நேர ஓபஸ் ஒலி போய்ச் சேருகிறது.

ஒரு கோப்பு 90 நொடியைத் தாண்ட வேண்டாம். நீளமான கோப்பில் ஒரே வாக்கியத்தைத் திரும்பக் கேட்க விரலால் தேடுவது எரிச்சலான வேலை. மாணவர் இரண்டு முறை தேடிவிட்டு விட்டுவிடுவார். கோப்புப் பெயரை 01, 02 என்று பூஜ்யத்தோடு தொடங்குங்கள். இல்லையென்றால் பல கைபேசிகளில் 10ஆம் பாடம் 2ஆம் பாடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதிவு செய்யும்போது

கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள்; நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் ப, ப்ஹ போன்ற ஒலிகளின் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று வெடிக்கும். வெற்றுச் சுவர் அறையில் எதிரொலி சேரும். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி இருக்கும் அறை மேல்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: புளூடூத் இயர்போன். அதன் மைக்கைப் பயன்படுத்தியதும் பல சாதனங்களில் ஒலி, தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பழைய வகைகளில் 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலி எதுவும் கடக்காது. ஸ, ஃப போன்ற உரசொலிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. மாணவர் சரியாகச் சொன்னாலும் உங்களுக்குத் தவறாகக் கேட்கும். நீங்களும் சரியாக இருந்ததைத் திருத்துவீர்கள். கம்பி வைத்த இயர்போனோ கைபேசியின் சொந்த மைக்கோ போதும். நேரலைச் செயலிகளின் இரைச்சல் நீக்கமும் மெல்லிய மெய்யொலிகளை இரைச்சல் என்று எண்ணி விழுங்குவதுண்டு. உச்சரிப்புப் பயிற்சியின்போது அதை அணைத்துவிடுங்கள்.

ஒரு வாரத்தின் சுற்று

முதல் நாள் மாதிரி ஒலி போகும்: 8 முதல் 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, நடுவே மாணவர் திருப்பிச் சொல்லும் அளவு மௌனம். இந்த மௌனத்தை ஆசிரியர்கள் எப்போதும் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் வாக்கியம் 3 நொடி என்றால் மௌனம் 5 நொடியாவது வேண்டும். கற்பவர் மெதுவாகத்தான் சொல்வார்.

இரண்டாம் நாள் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சி. தமிழ் கற்பவர்களுக்கு என்றால் வலி, வளி, வழி மூன்றையும் கலைத்துச் சொல்லி, கேட்ட வரிசையை எண்ணாக அனுப்பச் சொல்லுங்கள். காதில் பிரியாத ஒலி நாக்கில் பிரியாது என்பதால் இது பேச்சுக்கு முன்னால் வர வேண்டும்.

மூன்றாம், நான்காம் நாளில் மாணவர் குரல் வரும். 45 நொடிக்கு மேல் கேட்காதீர்கள். 25 மாணவர்கள் ஆளுக்கு 45 நொடி அனுப்பினால் கேட்க மட்டும் 19 நிமிடம். பதில் குரலும் சேர்த்தால் ஒரு மணி நேரம் தாண்டும். தாளில் எழுதி வைத்துப் படித்தால் குரலின் ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும். படித்துச் சொல்லும் பயிற்சி தனி, பேசும் பயிற்சி தனி என்று முன்பே பிரித்து அறிவியுங்கள். திருத்தம் தனிச்செய்தியில் போகட்டும், ஒருவருக்கு ஒரு முறைக்கு ஒரு பிழை. அவர் சொன்னதைச் சொல்லி, சரியானதை இரண்டு முறை சொல்லி, திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். எட்டுப் பிழைகளைப் பட்டியலிட்டால் அடுத்த வாரம் குரல் வராது.

நேரலை வேண்டுமானால் 4 பேர் கொண்ட குழுவாக 20 நிமிடம், வீடியோ இல்லாமல். அது போதும்.

சொற்களுக்கு அட்டை

சொல்லட்டைகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலிகளில் ஆன்கி நம்பகமானது. ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு இலவசம். ஐபோன் செயலிக்கு விலை உண்டு, ஐபோன் வைத்திருப்பவர்கள் உலாவியில் ஆன்கிவெப்பைப் பயன்படுத்தலாம். இயல்பமைப்பில் நாளுக்கு 20 புதிய அட்டைகள் வரும். அதை 8 ஆகக் குறையுங்கள். புதிய அட்டைகள் ஒவ்வொன்றும் பலமுறை திரும்பி வருவதால் 20 என்று விட்டால் சில வாரங்களில் மீள்பார்வை மலைபோல் சேர்ந்து, மாணவர் செயலியையே நீக்கிவிடுவார். அட்டையில் தனிச்சொல்லைப் போடாமல், சொல் வரும் சிறு வாக்கியத்தை ஒலியோடு போடுங்கள்.

எழுத்து

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் கண்ணால் சரிபார்த்தே அனுப்புங்கள். ஏ4 பிடிஎஃப் சிறு திரையில் பெரிதாக்கி, இடம்வலம் இழுத்துப் படிக்கும் தண்டனை. பக்க அளவை 9 × 16 செ.மீ. என்று வைத்து 14 புள்ளி எழுத்தில் செய்தால் அப்படியே வாசிக்கலாம்.

இணையம் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி உதவும். ஆனால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனிக்குறியாக எண்ணப்படும். 'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து, கணக்கில் 7. நீளம் தாண்டினால் இரண்டு செய்தியாகக் காசு போகும்.

எழுத்துப் பயிற்சி தருகிறீர்கள் என்றால் விசைப்பலகையின் சொல் பரிந்துரையையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திருத்துவது விசைப்பலகையின் எழுத்துக்கூட்டலைத்தான். கையால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அந்தப் படத்தை 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரணப் படமாகப் போனால் செய்திச் செயலி சுருக்கிவிடும், ற-வா ர-வா என்று நீங்கள் திணற வேண்டியிருக்கும்.

"பயிற்சி வரவே இல்லை" என்று ஒரு மாணவர் அடிக்கடி சொன்னால் சோம்பல் என்று முடிவு கட்டுமுன் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். பேட்டரி சேமிப்பு, பின்னணியில் செயலியை நிறுத்தி அறிவிப்பை அடைத்திருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். மற்றது, நிரம்பிய சேமிப்பிடம். குழுக்களிலிருந்து தானாக இறங்கும் வீடியோக்களை நிறுத்தச் சொன்னாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.